ஓடிடி சந்தா: ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எதற்கு ஒப்புக்கொள்கிறோம்?

ஒரு சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் அத்தை, கடன் அட்டைக் கணக்கு அறிக்கைகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். நான்கு மாதங்கள், ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி, ஒரே தொகை: 12 வெள்ளி 98 காசு. இணையம்வழி படமும் தொடரும் காட்டும் அந்த ஓடிடி செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தே நான்கு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். விரும்பிப் பார்த்த தொடர் முடிந்த அன்றே அழித்துவிட்டாராம்.

“பார்க்காத படத்துக்கு யாராவது டிக்கெட் எடுப்பார்களா தம்பி? நான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று நீயே படித்துச் சொல்.”

செயலியை அழித்தால் சந்தா நிற்காது என்பது எனக்குத் தெரியும். எதற்கு ஒத்துக்கொண்டார் என்பதுதான் தெரியவில்லை. அதே சேவைக்கு மூன்று ஆண்டுகளாக நானும் பணம் கட்டி வருகிறேன். நானும் அதே பொத்தானைத்தான் அழுத்தினேன், ஒரு வரிகூடப் படிக்காமல். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, அத்தையின் மேசையிலேயே உட்கார்ந்து அந்தப் பயன்பாட்டு விதிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிறகு மற்ற இரண்டு சேவைகளின் விதிமுறைகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றும் அண்ணன் தம்பிகள் போல. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை பிடிபட்டுவிடும்.

நான்கு வரிப் பலகை

நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு வீடியோ கேசட் கடை இருந்தது. வெள்ளிக்கிழமை மாலையில் அப்பா என்னை அங்கே அழைத்துப் போவார். கல்லாவுக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். கறுப்பு மையில் நான்கு வரிகள்: இரண்டு நாளில் திருப்பித் தரவும், தாமதமானால் நாளுக்கு ஐம்பது காசு. நாடாவை முதலிலிருந்து சுற்றி வைத்துக் கொடுக்கவும். பிறருக்கு இரவல் கொடுக்கக் கூடாது. நகல் எடுக்கக் கூடாது.

(கடைக்காரர் வைத்திருந்த கேசட்டுகளில் எத்தனை முறையாக வந்தவை என்பது வேறு கதை.)

அந்த அட்டைதான் பயன்பாட்டு விதிமுறை. பொருள் கடைக்காரருடையது. அதை இன்ன காலத்துக்கு, இன்ன விதத்தில் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி. அனுமதிக்கு இவ்வளவு காசு, மீறினால் இன்ன விளைவு. இன்று ஓடிடி நிறுவனம் இருபது பக்கத்துக்கு நீட்டி எழுதியிருப்பதில் பெரும்பகுதி இந்த நான்கு வரிகளின் பேரப்பிள்ளைகள். நாடாவைச் சுற்றும் வேலை மட்டும் ஒழிந்தது. மீதியுள்ள பக்கங்கள் அந்த அட்டையில் இல்லாத சில புதிய சங்கதிகளைச் சொல்கின்றன. பணம் தானாகப் பிடிக்கப்படுவது, விதிகள் இடையில் மாறுவது, வழக்கு வந்தால் எங்கே போவது போன்றவை அவை. அத்தையின் நான்கு வட்டங்களும் இந்தப் புதிய பகுதியில்தான் இருந்தன.

படிக்காமல் போட்ட கையெழுத்து

படிக்காமல் அழுத்திய பொத்தான் ஒருவரைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும். சிங்கப்பூரின் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் 2010, ஓர் ஒப்பந்தம் மின்னியல் வழியில் நடந்தது என்பதற்காகவே அது செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது. படிக்கவில்லை என்ற சாக்கோ அதைவிடப் பழையது. 1934இல் முடிந்த ஓர் ஆங்கிலேய வழக்கை ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். வேல்ஸின் கடலோர ஊர் ஒன்றில் சிற்றுண்டிக் கடை வைத்திருந்த ஒரு பெண், சிகரெட் விற்கும் தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதற்கான படிவம் பழுப்புத் தாள். விதிகள் எறும்பு ஊர்ந்தது போன்ற பொடி எழுத்து. படிக்காமல் கையெழுத்திட்டார். இயந்திரம் சரியாக ஓடவில்லை. நீதிமன்றம் சென்றார், தோற்றார். யாரும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்காதவரை, படித்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்றது தீர்ப்பு. சிங்கப்பூர் ஒப்பந்தச் சட்டமும் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து கிளைத்ததுதான்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 1971இல் லண்டனில் ஒரு வாகன நிறுத்துமிட வழக்கு. இயந்திரம் துப்பிய சீட்டில் ‘உள்ளே காட்டப்பட்டுள்ள விதிகளுக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டிருந்தது. ஓட்டுநர் உள்ளே காயமடைந்தபோது அந்த விதிகளைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது நிறுவனம். சீட்டு வெளியே வரும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு காட்டும் விதி செல்லாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. விதியை எப்போது காட்டினார்கள் என்பதும் முக்கியம் என்பது இதன் சாரம். ஓடிடி பக்கங்களில் கட்டணப் பொத்தானுக்குச் சற்று மேலேயே, வெளிறிய எழுத்தில், ‘தொடர்வதன் மூலம் எங்கள் பயன்பாட்டு விதிமுறைகளை ஏற்கிறீர்கள்’ என்ற வரி ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். அந்த வரியை அங்கே வைக்கச் சொன்னது பெரும்பாலும் ஒரு வழக்கறிஞராகத்தான் இருக்கும்.

ஒப்பந்தம் செய்துகொள்ள வயதும் வேண்டும். சிங்கப்பூரில் அந்த வயது 2009ஆம் ஆண்டு 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. விதிமுறைகளும் பொதுவாகக் கணக்கு வைத்திருப்பவர் 18 வயதானவராக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, பிள்ளைகள் பெரியவரின் கணக்கில் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன் உங்கள் அட்டையைப் போட்டு ஒரு சந்தா எடுத்துவிட்டால், ஏட்டில் இருப்பது உங்கள் பெயர். ‘உங்கள் கணக்கில் நடக்கும் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு’ என்ற வரி எல்லா விதிமுறையிலும் இருக்கிறது. என்சி16, எம்18, ஆர்21 என்ற வயது வகைப்பாடுகள் சினிமா டிக்கெட்டுக்கு மட்டும் உரியவை அல்ல, இங்கே இயங்கும் ஓடிடி சேவைகளுக்கும் உண்டு. ஆர்21 படங்களுக்கு மறை எண் பூட்டு வேண்டும். அந்த எண்ணாகப் பிறந்த ஆண்டைப் போடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அதை முதலில் ஊகிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சந்தா என்ற சொல் செய்யும் குழப்பம்

என் அப்பா வார இதழ் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினார். ஐம்பத்திரண்டு இதழ்கள் வந்தன. சந்தா முடிந்த பிறகும் அவை அலமாரியில் இருந்தன, அம்மா பழைய செய்தித்தாள்காரரிடம் போடும் வரைக்கும். நமக்குச் சந்தா என்றால் அதுதான்: காசு கட்டுகிறோம், பொருள் வீட்டுக்கு வருகிறது, வந்தது நம்முடையது.

ஓடிடிக்கும் அதே சொல்லை எடுத்துக்கொண்டதில்தான் பாதிக் குழப்பம். அதன் விதிமுறைகளில் எங்கும் எதையும் விற்பதாகச் சொல்லவில்லை. ‘வரையறுக்கப்பட்ட, தனிப்பட்ட, பிறருக்கு மாற்ற முடியாத உரிமம்’ என்று ஒரு சொற்றொடர் இருக்கும். ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவை மூடுகிறது. வரையறுக்கப்பட்ட என்றால் சந்தா உள்ளவரை மட்டும். தனிப்பட்ட என்றால் வீட்டில் பார்க்க மட்டும், தொழிலுக்கோ பொதுவில் காட்டவோ அல்ல. மாற்ற முடியாத என்றால் உங்கள் இடத்தில் இன்னொருவர் வர முடியாது. இந்த மூன்று சொல்லைப் புரிந்துகொண்டவர் அந்த இருபது பக்கத்தில் பாதியைப் படித்துவிட்டார் என்றே சொல்வேன்.

போன மாதம் இருந்த படம் இந்த மாதம் காணாமல் போவதற்கும் விடை இங்கேதான். ஓடிடி நிறுவனமே பல படங்களைத் தயாரிப்பாளரிடமிருந்து, நாடு வாரியாக, இத்தனை ஆண்டுக்கு என்று உரிமம் வாங்குகிறது. சிங்கப்பூருக்கான உரிமம் முடிந்தால் படம் இங்கே மறையும், சென்னையில் ஓடிக்கொண்டிருக்கலாம். விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போனால் அதே கணக்கில் பட்டியல் மாறித் தெரிவதும் இதனால்தான். நிறுவனமே வாடகைக்கு இருக்கும்போது, நமக்குக் கொடுப்பது உள்வாடகைதான். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு வேறு நாட்டுப் பட்டியலைப் பார்ப்பது பெரும்பாலான விதிமுறைகளுக்கு முரணானது. கணக்கை நிறுத்திவைக்க அவர்களுக்கு அது போதுமான காரணம்.

விமானத்தில் பார்ப்பதற்காகப் பதிவிறக்கி வைத்தாலும் இதே கதைதான். கோப்பு உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, ஆனால் அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் திறக்காது.

சில தளங்களில் ‘வாங்கு’ என்றே ஒரு பொத்தான் இருக்கும். சந்தாவுக்கு மேலே தனியாகப் பணம் கட்டி ஒரு படத்தை வாங்கலாம். அதுவும் பெரும்பாலும் உரிமம்தான். 2009இல் அமேசான் நிறுவனம், விற்க உரிமை இல்லாத ஒருவர் தளத்தில் ஏற்றிய மின்னூல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனால் வீட்டு அலமாரியிலிருந்து கடைக்காரர் புத்தகத்தை எடுத்துப் போக முடியும் என்பது அன்றுதான் பலருக்கு உறைத்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டத்தின்வழி, உரிமம் மட்டுமே தரும் மின்னிலக்கப் பொருளை அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு சொல்லுக்காகச் சட்டம் போட்டது சரிதான்.

குடும்பம் வேறு, வீட்டார் வேறு

‘பிறருக்கு இரவல் கொடுக்கக் கூடாது’ என்ற வரி கேசட் கடையில் யாரும் மதிக்காத வரி. மாடிவீட்டுக்காரர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஓடிடியிலும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. 2016 ஜனவரியில் சிங்கப்பூருக்கு வந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 மே மாதத்தில் கதவைச் சாத்தியது. ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டும், வெளியே இருப்பவரைச் சேர்க்கக் கூடுதல் கட்டணம் என்றது.

இந்த இடத்தில் நம் மொழி நம்மைச் சற்று வழுக்கிவிடுகிறது. ஆங்கில விதிமுறையில் இருக்கும் ‘ஹவுஸ்ஹோல்ட்’ என்ற சொல்லை நாம் குடும்பம் என்று மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். நம் குடும்பமோ ஒரு கூரைக்குள் அடங்குவதில்லை. ஈசூனில் அத்தை, பொங்கோலில் அவருடைய மூத்த மகன், மெல்பர்னில் படிக்கும் பேத்தி, எல்லாரும் ஒரே குடும்பம்தான், தீபாவளிக்கு ஒரே அடுப்பில் முறுக்கு சுடுகிறவர்கள். விதிமுறை கேட்பது ஒரே முகவரியில் வசிப்பவர்களை. அதன் கணக்கில் அத்தை ஒரு வீட்டார், அவர் மகன் வேறொரு வீட்டார், பேத்தி மூன்றாவது. தேசிய சேவை முகாமில் வார நாளைக் கழித்துவிட்டு வார இறுதியில் வீடு திரும்பும் பையன் பொதுவாக அந்த வீட்டாரில் ஒருவன்தான். வீட்டு இணைய இணைப்பின் முகவரி, கருவிகளின் அடையாளம், கணக்கு எங்கிருந்து இயங்குகிறது என்ற விவரம் ஆகியவற்றை வைத்து இதைக் கணிக்கிறார்கள். மறைச்சொல்லை வாங்கிய மாமா மகன் என்றைக்காவது பூட்டப்பட்ட திரையைப் பார்க்கும்போது உங்களிடம்தான் கோபித்துக்கொள்வார்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை திரையில் ஓடலாம் என்பது திட்டத்தைப் பொறுத்தது. யாருடைய திரை என்பது வேறு விதி. ‘நான்கு திரைத் திட்டம் எடுத்திருக்கிறேன், நான்கு வீட்டில் பார்க்கலாம்’ என்று நினைப்பவர்கள் நான்கு திரைக்கும் காசு கட்டி ஒரு வீட்டில்தான் பார்க்க முடியும்.

‘தனிப்பட்ட’ என்ற சொல்லை நாம் அதிகம் மீறுவது புளோக்கின் கீழ்த்தளத்தில். ஒரு விசேஷம் முடிந்து, திரை கட்டி, யாரோ ஒருவருடைய கணக்கில் படம் போடுவார்கள். நல்லெண்ணத்தில்தான். ஆனால் வீட்டுச் சந்தாவில் பொதுவில் காட்டும் உரிமை அடங்காது, டிக்கெட் விற்காவிட்டாலும்கூட. உணவகம், துணைப்பாட நிலையம் ஆகியவற்றுக்கும் இதுவே. அப்படிக் காட்ட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நகல் எடுப்பது பற்றி நீட்டத் தேவையில்லை: திரையில் ஓடுவதைப் பதிவு செய்வதும் அதில் அடங்கும். அதையொட்டி ஒன்று. ஒருமுறை வாங்கினால் உலகத்துச் சானல்கள் எல்லாம் ஆயுளுக்கும் இலவசம் என்று விற்கப்படும் பெட்டிகளில் நீங்கள் ஒப்புக்கொள்ள எந்த விதிமுறையும் இருக்காது. அது வசதி என்று நினைத்துவிட வேண்டாம். 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ், அனுமதி பெறாத படைப்புகளைக் காட்டுவதற்கான பெட்டிகளை விற்பது குற்றம். 2022 அக்டோபரில் சிம் லிம் சதுக்கக் கடைகளில் காவல்துறை சோதனை நடத்தியதும் இதற்காகத்தான். விற்றவர் கடையை மூடிவிட்டால் அந்தப் பெட்டி வெறும் பெட்டி.

பதினான்காம் தேதி

இனி அத்தையின் வட்டங்கள்.

விதிமுறையில் ‘கட்டணம்’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. சந்தா மாதந்தோறும் தானாகப் புதுப்பிக்கப்படும். நீங்கள் ரத்து செய்யும் வரை, நீங்கள் கொடுத்த அட்டையிலிருந்து பணம் எடுக்க அனுமதிக்கிறீர்கள். பயன்படுத்தினீர்களா இல்லையா என்பதற்கும் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. கேசட் கடையில் திருப்பித் தர மறந்தால் ஐம்பது காசு. இங்கே மறப்பதற்கான அபராதம் முழு மாதக் கட்டணம், மறக்கும் மாதம் ஒவ்வொன்றுக்கும்.

அத்தையின் கைப்பேசியை வாங்கினேன். நிறுவனத்தின் இணையத்தளத்தில் அவர் கணக்குக்குள் நுழைந்தால் ரத்து செய்யும் பொத்தானே இல்லை. ‘உங்கள் சந்தா வேறொருவர் மூலம் நிர்வகிக்கப்படுகிறது’ என்று ஒரு வரி மட்டும். அந்த வேறொருவர் யார் என்று அத்தைக்குப் புரியவில்லை, வங்கிக்குப் போன் செய்யக் கிளம்பினார். கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, மேலே இருந்த அவர் பெயரைத் தொட்டு, ‘சந்தாக்கள்’ என்ற வரிக்குள் போனேன். அங்கே இருந்தது, அந்தச் செயலியின் சின்னத்தோடு: ‘14ஆம் தேதி புதுப்பிக்கப்படும்’. அதன் கீழே, அவர் எடுத்ததே மறந்துபோன ஜாதகச் செயலி ஒன்றும், வாரத்துக்கு 3 வெள்ளி 98 காசு.

அவர் செயலிக்குள்ளேயே ‘சேர்’ என்று அழுத்தி, கைரேகை வைத்து முடித்திருந்தார். அப்படிச் செய்தால் பணம் வாங்குவது கைப்பேசியின் செயலிக் கடை. ரத்தும் அங்கேதான், பணத்தைத் திருப்பிக் கேட்பதும் அங்கேதான். நேரடியாக இணையத்தளத்தில் அட்டை எண் கொடுத்திருந்தால் நிறுவனத்திடம். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் திட்டத்தோடு சேர்ந்து வந்திருந்தால் மூன்றாவது வழி: மாதக் கட்டண ரசீதில் ஒரு வரியாக வரும், சில நேரம் 24 மாத ஒப்பந்தத்தோடு பிணைந்திருக்கும், சில நேரம் முதல் ஆறு மாதம் இலவசமாக இருந்து ஏழாவது மாதம் சத்தமில்லாமல் விழித்துக்கொள்ளும். ஆகவே சந்தா எடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எவ்வளவு என்பதல்ல, யாரிடம் கட்டுகிறோம் என்பதுதான்.

சில காலம் இலவசமாகப் பார்க்க விடும் இலவச முன்னோட்டம் என்பதும் இந்தப் புதுப்பிப்பு விதியின் முகமூடிதான். இலவசமாகக் கொடுப்பவர் அட்டை எண்ணை ஏன் கேட்கிறார் என்று யோசித்தாலே போதும். கெடு முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யச் சொல்லும் கடைகள் உண்டு. கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குப் பொத்தானைத் தேடினால் தாமதமாகிவிடும். மாதச் சந்தாவை ரத்து செய்தால், கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் தொடர்ந்து பார்க்கலாம். இலவச முன்னோட்டத்தில் சில சேவைகள் ரத்து செய்த நொடியே கதவை அடைத்துவிடுகின்றன. இரண்டில் எது என்று விதிமுறையில் எழுதியிருக்கும்.

மாதத்தின் நடுவில் நிறுத்தினால் மீதி நாளுக்குப் பணம் திரும்பாது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் விதி. விலை உயர்வுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள்: முன்கூட்டியே அறிவிப்போம், அதற்குள் ரத்து செய்யாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்வோம் என்று. அந்த அறிவிப்பு வருவது மின்னஞ்சலில், ஒரு நாளுக்கு ஐம்பது விளம்பரங்கள் விழும் அதே பெட்டியில். விலையோடு வரியையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தரப்படும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 ஜனவரி 1 முதல் பொருள் சேவை வரி உண்டு. அது 2024 ஜனவரி 1இலிருந்து 9 விழுக்காடு.

செயலிக் கடைக்கு அத்தையின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். இந்தத் தேதிக்குப் பிறகு ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை என்பதைக் குறிப்பிட்டேன். கடைசி மாதத் தொகை மட்டும் திரும்பி வந்தது. மற்ற மூன்று வட்டங்களும் வட்டங்களாகவே இருக்கின்றன.

கடைசிப் பக்கங்கள்

விதிமுறையின் கடைசி நான்கைந்து பக்கங்கள் பெரிய எழுத்தில், கத்துவது போல இருக்கும். சேவை ‘உள்ளது உள்ளபடி’ தரப்படுகிறது, தடைபட்டால் பொறுப்பல்ல, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இவ்வளவு. கூடவே, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், தகராறை நீதிமன்றத்தில் தீர்ப்பதா நடுவரிடம் தீர்ப்பதா என்ற விதிகள். நான் இவற்றைத் தாண்டிப் போகிறவன்தான், ஒரு செய்தியைப் படிக்கும்வரை.

2023 அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடாவில், டிஸ்னியின் வணிக வளாகத்தில் இருந்த உணவகம் ஒன்றில் சாப்பிட்ட மருத்துவர் ஒருவர் உணவு ஒவ்வாமையால் இறந்தார். அவருடைய கணவர் வழக்குப் போட்டார். அவர் 2019இல் ஒரு மாத இலவச முன்னோட்டத்துக்காக டிஸ்னி பிளஸில் சேர்ந்தவர், அதன் விதிமுறைப்படி தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரிடம்தான் தீர்க்க வேண்டும் என்று டிஸ்னி தரப்பு வாதிட்டது. படம் பார்க்க அழுத்திய பொத்தான், ஐந்து ஆண்டு கழித்து உயிரிழப்பு வழக்கில் சாட்சிக்கு வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் 2024 ஆகஸ்டில் அந்த வாதத்தை நிறுவனம் கைவிட்டது. கைவிட்டதால், அது செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

ஆனால் விதிமுறையில் எழுதிவிட்டால் எல்லாம் செல்லும் என்பதும் தவறு. சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2003இல் இயற்றப்பட்டது. பொய்யான தகவல் தருவது, பயனீட்டாளரை ஏமாற்றுவது போன்ற நியாயமற்ற செயல்களுக்கு எதிராக அது தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதிகள் சிலவற்றை நியாயமானவையா என்று நீதிமன்றம் எடைபோட, 1977ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் ஒன்றும் இங்கே நடப்பில் இருக்கிறது.

இன்னொரு பரவலான நம்பிக்கை: எதை வாங்கினாலும் ஐந்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்பது. அந்த மனமாற்றக் கால அவகாசம் வீடு தேடி வந்து விற்கும் நேரடி விற்பனை, விடுமுறைத் தங்குமிடப் பங்கு போன்ற சில ஒப்பந்தங்களுக்குத்தான். நீங்களாகத் தேடிப் போய் எடுத்த ஓடிடி சந்தாவுக்கு அது இல்லை.

தகராறு வந்தால் முதலில் யாரிடம் பணம் கட்டினீர்களோ அவரிடம், எழுத்தில். பதில் சரியில்லை என்றால் 1971 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தார்கள் என்றால் அட்டை வழங்கிய வங்கியிடமும் மறுப்புத் தெரிவிக்கலாம், ரத்து உறுதி செய்யப்பட்ட திரையின் படம் கையில் இருக்க வேண்டும். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சிக்கல் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் 12 வெள்ளி 98 காசுக்கு, வெளிநாட்டில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தை எதிர்த்து அங்கே போவது நடைமுறையில் அபூர்வம். அதனால்தான் இந்தச் சின்னத் தொகைகள் சின்னதாகவே வைக்கப்பட்டிருக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், எங்கே நிறுத்துகிறீர்கள் என்ற தகவல் பற்றிய விதிகள் பெரும்பாலும் இந்த ஆவணத்தில் இருக்காது, தனியுரிமைக் கொள்கை என்ற இன்னொன்றில் இருக்கும். அதற்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 துணை நிற்கிறது. அது இன்னொரு கட்டுரைக்குரிய விஷயம்.

முழுவதும் படிக்கச் சொன்னால் யாரும் படிக்கப் போவதில்லை, நானும் அந்த ஒரு மதியத்தோடு சரி. ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து சொல் தேடும் வசதியில் ஆறு சொற்களை மட்டும் போட்டுப் பாருங்கள். ‘ரிநியூ’ என்று தேடினால் எப்போது தானாகப் பணம் எடுப்பார்கள் என்பது கிடைக்கும். ‘கேன்சல்’ எங்கே, எத்தனை நாள் முன்பு என்று சொல்லும். ‘ரீஃபண்ட்’ பெரும்பாலும் ‘இல்லை’ என்ற சொல்லோடு சேர்ந்தே வரும். ‘ஹவுஸ்ஹோல்ட்’ மாமா மகனின் விதியைத் தீர்மானிக்கும். ‘சேஞ்ச்’ விலையும் விதியும் மாறும் முறையைக் காட்டும். ‘ஆர்பிட்ரேஷன்’, அதாவது நடுவரிடம் தீர்ப்பது, இருந்தால் டிஸ்னி கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஆகும், கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அதே தளத்தில் அத்தைக்குப் பிடித்த நடிகையின் புதிய தொடர் ஒன்று வந்தது. மறுபடியும் சேர்ந்தார், இந்த முறை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இணையத்தளம் வழியாக. பணம் போனதும் நேராகக் கணக்குப் பக்கத்துக்குப் போய், சேர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ரத்து செய்யச் சொன்னேன். ‘அடுத்த மாதம் 3ஆம் தேதி வரை தொடர்ந்து பார்க்கலாம்’ என்று திரையில் வந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு முதல் பாகத்தைப் போட்டுவிட்டு, எந்த நிமிடமும் நின்றுவிடும் என்பது போல, மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.